சர்க்கரையில் எழுதிய பெயர்

தூத்துக்குடியில் ஜெனோவாவிடம் குக்கி என்னும் பிஸ்கட்டில் சர்க்கரை அலங்காரம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் பெண்கள். அதனால் காஸ்பர் மாடிப்படி ஏறி வந்தபோது, தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய வந்தவர் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"குழாய் உள்ள அடுக்களையில இருக்கு, அண்ணாச்சி."

"குழாய்க்கு வரல. படிக்க வந்திருக்கேன்."

அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அவளுக்கு முப்பத்தைந்து இருக்கும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் என்று தன்னைப் பற்றிச் சொன்னார். வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. பேசி முடிக்கும் வரை அது வெளியே வரவில்லை.

"பேத்திக்குப் பிறந்தநாளா?"

"இல்ல."

"பிறகு?"

"நுணுக்கமா ஏதாச்சும் ஒரு வேலை கத்துக்கணும். அவ்வளவுதான். ஆனா இந்தப் பொம்பளப் பிள்ளையளோட சேந்து உக்கார முடியாது. தனியாச் சொல்லித் தருவீங்களா, டீச்சர்?"

ஜெனோவா அந்தக் கால்சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வகுப்பு தொடங்குறதுக்கு முன்னால வாங்க. காலையில நான் மட்டும்தான் இருப்பேன்."

மறுநாள் காலை அவர் வந்ததும் முதலில் கையைக் கழுவச் சொன்னாள். சோப்பு போட்டு ஒரு தடவை. எலுமிச்சைத் தோலைத் தேய்த்து இன்னொரு தடவை.

"தலைக்குத் தேங்கா எண்ணெய் தேச்சிருக்கீங்கள்லா? அந்தப் பிசுக்கு ஒரு துளி பட்டாப் போதும், வெள்ளைக்கரு பொங்காது. படுத்துக்கிடும்."

கிண்ணத்தில் முட்டையின் வெள்ளைக்கருவை விட்டாள். சலித்த ஐசிங் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, எலுமிச்சைச் சாறு சில சொட்டுகள் பிழிந்து, அடித்துக் கலக்கும் பீட்டர் இயந்திரத்தை ஓடவிட்டாள். கலங்கலாக இருந்தது வெளுத்து, தடித்து, பீட்டரைத் தூக்கினால் நுனியில் மூக்கு மாதிரி வளைந்து நின்றது.

"இதுக்குப் பேரு ராயல் ஐசிங். இப்ப களிம்பு மாதிரி இருக்கு. காஞ்சா ஓடு மாதிரி ஆயிரும்."

காஸ்பர் இடது கையால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்தார். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

தாளைச் சுருட்டி, மருதாணிக் கூம்பு மாதிரி ஒரு கோன் செய்து, ஐசிங்கை நிரப்பி, நுனியை ஊசிமுனை அளவுக்கு வெட்டி அவரிடம் நீட்டினாள்.

"குக்கியோட ஓரத்துல ஒரு கோடு போடுங்க. வீட்டுக்குச் சுவர் எழுப்புற மாதிரி. சுவர் நின்னாத்தான் உள்ள ஊத்துறது வெளிய ஓடாது."

கோனை இடது கையால் பிழிய முடியாது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் வலது கையை வெளியே எடுத்தார்.

அது நடுங்கியது. விரல்கள் மட்டும் இல்லை, மணிக்கட்டில் இருந்தே நடுங்கியது. கோனின் நுனி குக்கியில் பட்டுப் பட்டு விலகியது. பல்லைக் கடித்துக்கொண்டு, நுனியைக் குக்கியில் அழுத்தி ஊன்றி இழுத்தார். ஈர மணலில் நண்டு ஓடிய தடம் மாதிரி வந்தது கோடு.

கோனை மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், இந்தக் கை நடுக்கம் நிக்க எத்தனை நாள் ஆகும்?"

ஜெனோவா அந்தக் குக்கியை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"தின்னுங்க."

"என்னது?"

"தின்னுங்க, அண்ணாச்சி."

அவர் கடித்தார். மென்றார்.

"எப்படி இருக்கு?"

"இனிப்பா இருக்கு."

"வாயில கோணலாத் தெரியுதா?"

காஸ்பரின் முகம் சிவந்தது. "நான் வெளையாட வரல, டீச்சர்" என்று சொல்லிவிட்டு, கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

துறைமுகத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. காற்று அடிக்கிற நாளில், கப்பலில் இருந்து பெரிய சுமையை இறக்க வேண்டும் என்றால் காஸ்பரைக் கூப்பிடுவார்கள். லாரியின்மேல் அவர் பெட்டியை வைத்தால் சத்தமே கேட்காது என்பார்கள். அந்தக் கை ஓய்வு பெற்ற மறுவருஷமே ஆடத் தொடங்கியது. அப்போதிருந்து அடுத்தவர் வீட்டில் அவர் காபி குடிப்பதில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காருவதில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவார். வீட்டில் மனைவி பிரிஜித் டம்ளரில் பாதிதான் காபி ஊற்றுவாள். மீதியைக் கேட்காமலே பிறகு கொண்டுவந்து ஊற்றுவாள். இது பற்றி இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டது கிடையாது.

அவர் மறுபடியும் வந்தார். மணிக்கட்டில் பட்டைத் துணியை இறுக்கிச் சுற்றியிருந்தார்.

"கட்டிப் போட்டுட்டேன். இப்ப எப்படி ஆடுதுன்னு பாப்போம்."

கோனைப் பிடித்தார். மணிக்கட்டு ஆடவில்லை. முழங்கையில் இருந்து மொத்தக் கையும் ஆடியது. கோடு முன்பைவிட மோசமாக வந்தது.

ஜெனோவா கட்டை அவிழ்த்துவிட்டாள்.

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"காட்டினேன். நீங்க பயப்படுத நோய் இல்லைன்னாரு. சில குடும்பத்துல வருமாம். எங்க அப்பாவுக்கும் கடைசிக் காலத்துல இருந்துச்சு. மாத்திரை தந்தாரு. கொறையும், நிக்காதுன்னாரு."

"நிக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. என்கிட்ட ஏன் வந்தீங்க?"

"நுணுக்கமான வேலை செஞ்சா நிக்கும்னு ஒருத்தன் சொன்னான்."

"யாரு?"

"டீக்கடையில ஒருத்தன்."

ஜெனோவா சிரிக்கவில்லை. புதிதாக ஒரு கோனை எடுத்தாள். நுனியை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"இதைப் பாருங்க. நல்லா உத்துப் பாருங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நுனி மிக லேசாக அசைந்துகொண்டிருந்தது.

"ஆடுது" என்றார், நம்ப முடியாமல்.

"ஆடும். பதிமூணு வருஷமா இதே வேலைதான் செய்யுதேன். இன்னும் ஆடுது."

பிறகு அவள் கோனின் நுனியைக் குக்கியின் ஓரத்தில் மெல்லத் தொட்டு வைத்தாள். பிழிந்துகொண்டே கையை மேலே தூக்கினாள். நுனிக்கும் குக்கிக்கும் நடுவே ஐசிங் ஒரு நூலாகத் தொங்கியது. தொங்கும் நூலை இழுத்தபடியே கையை நகர்த்தினாள். நூல் தன்பாட்டுக்கு இறங்கி ஓரத்தில் படிந்தது. முடியும் இடத்தில் பிழிவதை நிறுத்திவிட்டு நுனியை ஒற்றி எடுத்தாள்.

"இப்ப நீங்க."

காஸ்பர் தொட்டார். பிழிந்தார். தூக்கப் பயந்து குக்கியை ஒட்டியே இழுத்தார்.

"தூக்குங்க."

"கையி ஆடுமே."

"தூக்குங்க, அண்ணாச்சி."

தூக்கினார். கை நடுங்கியது. நுனி நடுங்கியது. நூலின் மேல்பாதி நடுங்கியது. கீழ்ப்பாதி சும்மா தொங்கியது. அவர் கையை நகர்த்தினார். குக்கியின்மேல் கோடு படிந்தது.

நேராக இருந்தது.

காஸ்பர் தன் கையைப் பார்த்தார். அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. கோட்டைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மூச்சை விட்டார். பல மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு போல அது நீளமாக வெளியே வந்தது.

"இன்னொண்ணு குடுங்க" என்றார்.

அன்றைக்கு எத்தனை குக்கிகளுக்கு ஓரம் போட்டார் என்று அவரும் எண்ணவில்லை, அவளும் எண்ணவில்லை. சிலது அறுந்தது. சிலது குக்கிக்கு வெளியே போய் விழுந்தது. நேராக விழுந்தவற்றைத் தனியாக ஒரு தட்டில் அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வேலையில காத்துல பெட்டி ஆடுச்சுன்னா, வெடுக்குனு இழுத்து நிறுத்தக்கூடாது, டீச்சர். அது போற பக்கமே நாமளும் கொஞ்சம் போயி, அது அமரும்போது இறக்கணும். புதுசா வாற பயலுவ இழுத்து நிறுத்தப் பாப்பானுவ. திட்டுவேன்."

"யாரை?"

"அவனுவளைத்தான்" என்றவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு தனக்குத்தானே லேசாகச் சிரித்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் வந்தார். சுவர் எழுப்பிய பிறகு உள்ளே ஊற்றுவதற்கு ஐசிங்கை எப்படி இளக்குவது என்று கற்றுக்கொண்டார். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கரண்டியில் எடுத்து ஊற்றினால், விழுந்த தடம் கிண்ணத்துக்குள் மெல்ல அமிழ்ந்து மறைய வேண்டும். சீக்கிரம் மறைந்தால் தண்ணீர் கூடிவிட்டது. மறையாமல் நின்றால் போதவில்லை. ஊற்றிய பிறகு மேலே வரும் குமிழிகளைப் பல்குச்சியால் குத்த வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் கை நடுக்கம் உதவியாகவே இருந்தது. குக்கியை ஆட்டினால் குமிழி தானாக மேலே வரும். அவர் தட்டைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றாலே போதும்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை. ஜெனோவா பெரிய தட்டு நிறைய நீள்வட்டக் குக்கிகளை மேசைமேல் பரப்பி வைத்திருந்தாள்.

"ஞானஸ்நான வீட்டு ஆர்டர். ஞாயித்துக்கிழமை கோயில்ல குடுக்கணும். நீங்க வெள்ளையை ஊத்துங்க. நாளைக்கு அது மேல பிள்ளைப் பேரை எழுதணும். அதையும் நீங்கதான் எழுதுறீங்க."

"பிள்ளைப் பேரு என்ன?"

"இசபெல்."

காஸ்பர் கையில் எடுத்த கோனை மேசைமேல் வைத்தார்.

"யாரு வீட்டுப் பிள்ளை?"

"அனிலான்னு ஒரு பொண்ணு. துறைமுகக் காலனிக்குப் பக்கத்துல இருக்கா. தெரியுமா?"

"தெரியும்" என்றார். கோனைத் திரும்ப எடுத்தார். வெள்ளை ஐசிங்கைச் சுவருக்குள் ஊற்றினார். ஒவ்வொரு குக்கியாக, ஒன்றுவிடாமல் ஊற்றினார்.

சனிக்கிழமை காலையும் மழை. காற்றில் ஈரம். மின்விசிறி முழு வேகத்தில் ஓடியும் குக்கிகள் மேலே பளபளவென்று இருந்தன.

"எழுதட்டுமா?"

"இன்னும் காயல. இப்ப எழுதினா எழுத்து உள்ள இறங்கிரும். சிவப்பு வெள்ளையில ஊறி ரத்தக்காயம் மாதிரி ஆயிரும்."

"காஞ்சதை எப்படிக் கண்டுபிடிக்க? தொட்டுப் பாக்கவா?"

"தொட்டா ரேகை விழும். பளபளப்பு போகட்டும். அது வரைக்கும் சும்மா இருங்க."

இருவரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மழைச் சத்தமும் விசிறிச் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து காஸ்பர் பேசினார்.

"அனிலா என் தம்பி மகள், டீச்சர்."

ஜெனோவா திரும்பிப் பார்த்தாள்.

"வேற ஊருப் பையனை விரும்பிக் கட்டினா. என் தம்பி கோயிலுக்கே வரமாட்டேன்னுட்டான். நான்தான் அவ கையப் பிடிச்சுப் பீடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். இப்பப் பிள்ளை பிறந்திருக்கு. நீங்கதான் பெரியப்பா ஞானத்தகப்பனா நிக்கணும்னு வீட்டுக்கு வந்து கேட்டா."

"நல்லதுதானே."

"நான் ஊருல இருக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு வேளாங்கண்ணிக்குப் போறேன்னு சொன்னேன்." அவர் கையை மடியில் வைத்து மற்றக் கையால் பொத்திக்கொண்டார். "பொய்தான். ஞானத்தகப்பன் மெழுகுதிரியைப் பத்த வச்சுக் கையில பிடிக்கணும். ஊரே பாத்துக்கிட்டு இருக்கும். காஸ்பர் கையைப் பாருன்னு சொல்லுவான். பிள்ளையை வேற கையில தருவா. கீழ போட்டுட்டா?"

ஜெனோவா முக்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள கை நின்னுட்டா, பயணம் ரத்தாயிட்டுன்னு சொல்லிட்டுப் போயி நிக்கலாம்னு. கோடு நேரா வந்த அன்னிக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வீட்டுக்குப் போயி யோசிச்சேன். மெழுகுதிரியில நூல் தொங்காது. பிள்ளையையும் அப்படித் தொங்கவிட முடியாது. இந்த வித்தை அங்க செல்லாதுல்லா, டீச்சர்?"

"செல்லாது" என்றாள் ஜெனோவா.

"அப்போ என்ன செய்ய?"

அவள் எழுந்து போய்க் குக்கிகளைக் குனிந்து பார்த்தாள். வெளிச்சத்துக்கு எதிராக ஒன்றைச் சாய்த்துப் பார்த்தாள். பளபளப்பு போய், முட்டை ஓடு மாதிரி மங்கலாகியிருந்தது.

"காஞ்சிருச்சு. பேரை எழுதுங்க."

சிவப்பு ஐசிங் நிரப்பிய கோனை அவர் வாங்கிக்கொண்டார்.

இசபெல் என்ற பெயரில் மற்ற எழுத்துகள் வந்துவிட்டன. முதல் எழுத்துதான் அவரைப் படுத்தியது. சுழிக்க வேண்டும், வளைக்க வேண்டும், இழுத்துக் கீழே கொண்டுவந்து மறுபடியும் வளைக்க வேண்டும். முதல் குக்கியில் 'இ' நத்தை மாதிரி வந்தது. அடுத்ததில் கொஞ்சம் பரவாயில்லை. பிறகு கையைத் தூக்கவேண்டிய இடமும் இறக்கவேண்டிய இடமும் பிடிபட்டன. எந்த 'இ'யும் இன்னொரு 'இ' மாதிரி இல்லை. ஆனால் எல்லாமே இசபெல் என்று படிக்க வந்தன.

கடைசிக் குக்கியை எழுதி முடித்தபோது வெளியே மழை விட்டிருந்தது.

"தட்டை எடுத்து விசிறிக்குக் கீழ வையுங்க. நான் பெட்டி மடிக்கிறேன்" என்றாள் ஜெனோவா.

தட்டு பெரியது. இரண்டு கையாலும் பிடித்தால்தான் தூக்க முடியும். காஸ்பர் தூக்கினார். தட்டில் இருந்த குக்கிகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று ஒலித்தன. அவர் பல்லைக் கடித்தபடி ஒவ்வொரு அடியாக வைத்தார்.

அந்த நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அக்கா, குக்கி முடிஞ்சுதான்னு பாத்துட்டுப் போலாம்னு..." என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்த அனிலா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

காஸ்பர் கையைப் பைக்குள் போட முடியாது. தட்டைக் கீழே வைக்கவும் இடம் இல்லை. நடு அறையில் நின்றார். அவளைப் பார்த்ததும் நடுக்கம் கூடிவிட்டது. ஒரு குக்கி வழுக்கித் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

தட்டு மட்டும் கடகடத்தது.

அனிலா அவர் கையைப் பார்த்தாள். குக்கிகளைப் பார்த்தாள். பிறகு ஓடிவந்து தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கிப் போய் விசிறிக்குக் கீழே வைத்தார்கள்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு, பெரியப்பா?"

"ரெண்டு வருஷமாகுது."

"இதுக்குத்தான் வேளாங்கண்ணியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அனிலா முக்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். காஸ்பர் பதறிப்போனார்.

"ஏளா, எனக்கு ஒண்ணும் இல்லளா. பயப்படுத வியாதி இல்லைன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அழாத."

"அதுக்கு அழல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீங்களும் அப்பா மாதிரி ஆயிட்டீயன்னு நெனச்சேன். என் கல்யாணத்துக்கு ஏன்டா போயி நின்னோம்னு இப்ப வருத்தப்படுதீயன்னு நெனச்சேன். என் பிள்ளையத் தொட உங்களுக்கு மனசில்லைன்னு நெனச்சுக்கிட்டு, ஒரு மாசமா ராத்திரியில நான் தூங்கல, பெரியப்பா."

காஸ்பர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்படி ஒன்று அவர் நினைப்பில் வந்ததே இல்லை. கையை ஒளித்துவைத்தால் கைதான் ஒளியும் என்று நினைத்திருந்தார்.

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றார்.

அனிலா அழுகையினூடே சிரித்துவிட்டாள். "நாளைக்கு வருவீயளா?"

"மெழுகுதிரி ஆடுமேளா."

"ஆடினா ஆடிட்டுப் போவுது. வருவீயளா, மாட்டீயளா?"

"வருதேன்."

கீழே உடைந்து கிடந்த குக்கியை ஜெனோவா பொறுக்கினாள். ஒரு பாதியை அனிலாவிடம் கொடுத்தாள். மறுபாதியை வாயில் போட்டுக்கொண்டு, மறுபடியும் பெட்டி மடிக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. கோயிலில் கூட்டம் அதிகம் இல்லை. காஸ்பரின் தம்பி வரவில்லை. தம்பி மனைவி மட்டும் முக்காடு போட்டுக்கொண்டு, எல்லோரும் வந்த பிறகு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஜெனோவா குக்கிப் பெட்டிகளோடு ஓரமாக நின்றாள்.

பிள்ளை கோயிலுக்குள் நுழைந்ததில் இருந்தே அழுதது. தலையில் தண்ணீர் ஊற்றியபோது இன்னும் பெரிதாக அழுதது. ஞானத்தாயாக நின்றவள் அனிலாவின் நாத்தனார். அவள் தோளில் போட்டுத் தட்டிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள். எதற்கும் பிள்ளை கேட்கவில்லை.

பங்குச் சாமியார் காஸ்பரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் முன்னே போய்ப் பீடத்தருகே எரிந்த பாஸ்காத் திரி என்ற பெரிய மெழுகுதிரியில் தன் மெழுகுதிரியைப் பற்ற வைத்தார். திரியோடு திரி சேர நேரம் பிடித்தது. பற்றிக்கொண்டது. கை ஆடியது. சுடரும் ஆடியது. கடல் காற்று பக்கவாசல் வழியே வந்துகொண்டிருந்தது. அசையாமல் நிற்கும் பெரிய திரியிலும் சுடர் ஆடிக்கொண்டுதான் இருந்தது. காஸ்பர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் இடத்துக்குத் திரும்பி வந்து நின்றார். இரண்டாம் வரிசையில் பிரிஜித் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

செபம் முடிவதற்குள் பிள்ளையின் அழுகை சாமியாரின் குரலையே மூழ்கடித்துவிட்டது. நாத்தனார் களைத்துப்போனாள். அனிலா யாரையும் கேட்கவில்லை. காஸ்பரின் கையில் இருந்த மெழுகுதிரியை வாங்கினாள். பிள்ளையை எடுத்து அவர் கைகளில் வைத்தாள்.

"ஏளா, ஏளா" என்றார் காஸ்பர். அதற்குள் அவள் கையை எடுத்துவிட்டாள்.

அவர் அப்படியே பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டார். இரண்டு கையும் நடுங்கின. பிள்ளையின் வெள்ளைச் சட்டை நடுங்கியது. பிள்ளை அழுகையை நிறுத்தி, அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தது. கொட்டாவி விட்டது.

ஜெனோவா குக்கிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் அருகில் வந்து குனிந்தாள்.

"டீச்சர்" என்றார் காஸ்பர், மெல்லிய குரலில். "கை ஆடுது, டீச்சர்."

அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"சத்தம் போடாதீங்க, அண்ணாச்சி. இப்பதான் கண்ணு சொக்குது. நல்லா ஆடட்டும்."